முதல் ஃபாரம்

குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டே மோகனப்பிரியா மாடிப்படி ஏறினாள். கீழே அம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்தாகிவிட்டது. சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கடைசிப் பொட்டை வீட்டுக்காரர்தான் வைக்க வேண்டும் என்று பெரிய அத்தை அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். அவரைக் கால் மணி நேரமாகக் காணவில்லை. பாவம், மனுசன் மாடியில் தனியாக உட்கார்ந்து அழுகிறார் என்று கூடத்துப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பிரியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அப்பா அழவில்லை. ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசுவது என்றுகூடச் சொல்ல முடியாது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் வாசிக்க, எதிர்முனையில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"'வெளியே நாய் ஊளையிட்டது.' முற்றுப்புள்ளி. 'சின்னி தம்ளரோடு கட்டிலருகே போனாள். அம்மா, காப்பி ஆறுதுங்க, எந்திரிங்க என்றாள்.' அவ சொல்றதுக்கு மட்டும் மேற்கோள் போட்டுக்குங்க நிஜாம். 'அம்மா எழுந்திருக்கவில்லை. சின்னி அம்மாவின் கையைத் தொட்டாள். கை...' கைக்குப் பொறவு மூணு புள்ளி. ஆமா, மூணு. அதோட நிறுத்திப்போடுங்க. கீழ ஒண்ணும் வேண்டாம்."

பிரியாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அது அவள் சொன்னது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு அவள்தான் காப்பியோடு அம்மாவின் கட்டிலருகே போனாள். அம்மா, காப்பி ஆறுதுங்க, எந்திரிங்க என்று ஒருதரம் சொன்னாள். பதில் இல்லை என்றதும் இன்னொருதரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் சொன்னாள். அப்போது அப்பா வாயில் பிரஷ்ஷோடு வாசற்படியில் நின்றிருந்தார். மனிதர் உறைந்துபோய் நிற்கிறார் என்று அவள் எண்ணினாள். அவர் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சிமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பிப் பார்த்த அப்பாவின் முகத்தில் மருந்துக்குக்கூட வெட்கம் இல்லை. "இதா வாரேன் அம்மணி. மொதல் ஃபாரம் நிக்குதல்ல, அதான்" என்றபடி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மடிக்கும்போது அதன் மறுபக்கம் தெரிந்தது. காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு பிரியா எழுதிவைத்திருந்த மாத்திரை அட்டவணை. மூன்று மாதமாக அம்மாவின் தலைமாட்டில் தொங்கியது. இனி எதற்கு என்று கிழித்தெடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கீழே வந்தார். பந்துமுனைப் பேனாவின் நீல மை ஆட்காட்டி விரலில் அப்பியிருந்தது. அதே விரலால் குங்குமத்தைத் தொட்டு அம்மாவின் நெற்றியில் வைத்தார். வைத்ததும் "ராசாத்தி" என்று ஒரு சத்தம் போட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதார். கூடமே அவரோடு சேர்ந்து அழுதது. அது நடிப்பென்று பிரியா நினைக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் தேவலை. நிஜமாகவே அழுகிறார், பத்து நிமிஷத்துக்கு முன் அங்கே மூன்று புள்ளியும் நிஜமாகவே வைத்தார். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அங்கப்பனைத் தெரியாத புத்தகக்கடைக்காரர் கோயம்புத்தூரில் இல்லை. குழந்தைகளுக்குத் துப்பறியும் கதை போடுகிற பதிப்பாளர். 'படிக்கட்டுப் படை' என்ற அந்த வரிசையில் முப்பது வருஷத்தில் நாற்பத்திரண்டு புத்தகங்கள். எழுதியது அத்தனையும் அம்மா, ராசாத்தாள். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் நாலு பிள்ளைகள் மாடிப்படியில் கூடி உட்கார்ந்து ஊர் மர்மங்களைத் துலக்குவார்கள். அவர்களுக்குத் தலைவி சின்னி. பிரியாவைப் பார்த்துத்தான் அம்மா சின்னியை உண்டாக்கினாள், அதனால் பள்ளிக்கூடத்தில் பிரியாவுக்கு அந்தப் பெயரே நின்றுபோனது.

அப்பா எழுதியது ஒரே ஒரு பக்கம். புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புக்கும் முன்னால் வருகிற முதல் பக்கம். உள்ளேயிருந்து பயங்கரமான ஒரு இடத்தைப் பிய்த்தெடுத்து, கட்டம் கட்டி, நடுவாக்கியத்தில் அறுத்துவிடுவார். பள்ளிக்கூட வாசலிலும் கண்காட்சியிலும் பிள்ளைகள் அதை நின்றபடியே படிக்கும். படித்துவிட்டுத் தாளைத் திருப்புகிற பிள்ளை வாங்கிவிடும் என்பார். அவர் பிள்ளைகளின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார், கண் விரிகிறதா இல்லையா என்று. அம்மா எழுதியதில் ஒரு புத்தகத்தையாவது அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்ததில்லை. அலறல், ரத்தம், இருட்டு என்று கண்ணை ஓட்டுவார். கிடைத்தால் எடுப்பார். கிடைக்காவிட்டால் தானே சேர்த்துக்கொள்வார்.

ஒன்பதாவது புத்தகத்தில் சின்னி கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். அம்மாவின் கதையில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, பத்திரமாக மேலே வந்துவிடுவாள். அப்பாவின் பக்கத்தில் கயிறு அறுந்தது. மதுக்கரையிலிருந்து ரம்ஷா என்று ஒரு பெண் எழுதினாள், அந்தப் புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், ராத்திரி அது வெளியே வந்துவிடுமா என்று. அம்மா அன்றே போஸ்ட் கார்டு வாங்கிவரச் சொன்னாள். 'கயிறு அறுந்து போகாது கண்ணு. அறுபதாம் பக்கத்தைப் பார்த்துக்கொள், சின்னி மேலே வந்துவிட்டாள். பயப்படாமல் படி.' அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் கார்டு எழுத வேண்டியிருந்தது. அப்பா முதல் பக்கத்தில் பிள்ளைகளைத் தள்ளிவிடுவதும் அம்மா கார்டு எழுதித் தூக்கிவிடுவதுமாக அந்தக் குடித்தனம் நடந்தது. ஒருநாளும் அவள் சண்டை போட்டுப் பிரியா பார்த்ததில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நாற்பத்து மூன்றாவது புத்தகத்தைப் படுக்கையில் இருந்துதான் முடித்தாள். அதில் அலறல் இல்லை, இருட்டு இல்லை, பிய்த்தெடுக்க ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே அப்படி எழுதினாளோ என்னவோ. இரண்டு வாரத்துக்கு முன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "ஏனுங்க, இதுக்கு மட்டும் அந்த மொதப் பக்கம் வேண்டாங்க. வெத்தா உட்ருங்க." அந்த மனுஷி அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிரியாவுக்கு வேறெதுவும் நினைவில்லை. அப்பா கையைத் தடவிக்கொடுத்து, "சரி ராசாத்தி, உம்பட இஷ்டம்" என்றார். பிரியா சாத்துக்குடி பிழிந்துகொண்டு அங்கேயே இருந்தாள்.

தாராபுரத்திலிருந்து அம்மாவின் அண்ணன் கோடிச் சேலையோடு வந்து சேர ஒரு மணியாகும் என்று தகவல் வந்தது. வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. அப்பா தம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மோட்டார் ரூம் நிழலுக்குப் போனார். பிரியா பின்னாலேயே போனாள்.

"அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லுங்கப்பா."

"எதைய?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அம்மாகிட்டச் சரின்னு சொன்னீங்கல்ல. நானும் அங்கதான இருந்தேன்."

அப்பா டீயை ஊதினார். "சொன்னேன். இல்லீங்கல. சீக்காக் கெடக்கறவகிட்டச் சரின்னு சொல்லாம, மல்லுக்கா நிக்கச் சொல்றே?"

"அப்ப அது பொய்யா?"

"பொய்யின்னு ஏங் கண்ணு சொல்றே. கடேசிப் பொஸ்தகம் அவளுக்கு. கட்டுக் கட்டாக் கெடந்து கரையான் திங்கோணுமா? வெள்ளிக்கெழம கண்காட்சி ஆரம்பம். புள்ளைக தொறந்து பாக்கும். முன்னால ஒண்ணுமில்லீன்னா வெச்சுப்போட்டு அக்கட்டால போயிரும். அவளுக்காகத்தான் செய்யறேன் நானு."

"அந்தப் பொஸ்தகத்துல எந்த அம்மாளும் சாகலீங்க. படிக்கிற புள்ளை என்ன நெனைக்கும்?"

"படிச்சுப் பாத்துச் சாகலீன்னு தெரிஞ்சுக்கும். சந்தோசப்படும்."

"அதுக்கு நாஞ் சொன்னத எடுத்துப் போட்டுக்குவீங்களா? நாங் காலைல சொன்னத?"

அப்பா தம்ளரை மோட்டார் மேடைமேல் வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கண்ணில் அழுத சிவப்பு இன்னும் இருந்தது, அதோடு சேர்ந்து ஒரு மினுமினுப்பும் இருந்தது. "நெம்ப நல்லா இருந்துது அம்மணி. முப்பது வருசத்துல எனக்கு அப்படியொரு வரி வந்ததே இல்ல. நீ கத்தலீல்ல? தெனமும் சொல்றாப்பல சொன்னே பாரு. அங்கதான் தூக்குது."

பிரியாவுக்கு அவர் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பெற்ற தகப்பனே மகளின் பைக்குள் கைவிட்டுத் திருடிவிட்டு, பையில் நல்ல சரக்கு வைத்திருக்கிறாய் என்று முதுகில் தட்டிக்கொடுப்பது போல இருந்தது அது. துப்புவதற்கு வாயில் எச்சில் இல்லை.

"நிஜாமண்ணங்கிட்ட நானே சொல்லிப்போடறேன்" என்றாள்.

"எங்கிட்டக் கேக்காம அவன் மாத்த மாட்டான்" என்றார் அப்பா, கோபமே இல்லாமல். டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கழுவி அவளிடம் கொடுத்துவிட்டு முன்வாசலுக்குப் போனார்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. அச்சகக்காரர் நிஜாமுக்குப் போன் போட்டபோது அவர், "அண்ணஞ் சொல்லாம எப்படிங்க அம்மணி" என்றார். பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகிற பெரிய தாள் ஒரு ஃபாரம். முதல் பக்கமும் தலைப்பும் இருக்கிற முதல் ஃபாரம்தான் எப்போதும் கடைசியாக அச்சேறும். மற்ற ஃபாரமெல்லாம் ஓடி, மடித்து, தைக்கத் தயாராக இருக்கிறதாம். இதிலும் ஒருபுறம் காலையிலேயே ஓடிவிட்டது. மறுபுறத்தை நாலு மணிக்கு மெஷினில் ஏற்றியாக வேண்டும். "அண்ணன் அப்படித்தாங்க சொல்லியிருக்கறாரு. நாலு மணிக்கு மேல என்னால நிறுத்த முடியாதுங்க. பைண்டிங்காரன் காத்துட்டு இருக்கறான்."

இரண்டு மணிக்கு அம்மாவை எடுத்தார்கள். மாமா கொண்டுவந்த கோடியைப் போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் மோகன்குமார் முன்னால் நடந்தான். பிரியாவின் கணவன் கிருபாசங்கர் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். வண்டி திரும்பும்போது அப்பா உள்ளேயிருந்து அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஏன் கும்பிட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது, விடவில்லை. இன்றைக்கு அவள் அழுவதெல்லாம் எங்கே போய் அச்சாகிறது என்று பார்த்தாகிவிட்டது.

பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். பிரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ஏ புள்ள, எங்க போறே?" பெரிய அத்தை விளக்குமாற்றோடு வாசலை மறித்தாள். "ஊடு கழுவி, தலைக்கு ஊத்திக்காம வாசத் தாண்டலாமா? பெத்தவள இப்பத்தான் அனுப்பியிருக்குது, எதுக்கு இப்ப வண்டிச் சாவி?"

"வந்து ஊத்திக்கறனுங்க அத்தை."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? ஆராச்சும் பாத்தா என்ன பேசுவாங்க?"

"பேசட்டுங்க. அம்மா ஒண்ணு சொல்லியிருக்குது, அதச் செஞ்சுபோட்டு வாரேன்."

அம்மா சொன்னது என்றதும் அத்தை விளக்குமாற்றைத் தாழ்த்தினாள். பிரியா வடவள்ளியிலிருந்து கோட்டைமேடு வரை, அம்மாவைக் குளிப்பாட்டியதில் நனைந்து காய்ந்த அதே சேலையோடு, அவிழ்ந்த தலையோடு வண்டி ஓட்டினாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரர் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அச்சகத்தில் நிஜாமும் அவர் மனைவி ஜாஹிதாவும் இருந்தார்கள். நிஜாம் மெஷினைப் பார்ப்பார், ஜாஹிதா கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் கட்டுவாள். பிரியாவைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். ஜாஹிதா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அதக் காட்டுங்க" என்றாள் பிரியா.

சரிபார்க்க எடுத்த தாளை நிஜாம் கொண்டுவந்து கொடுத்தார். "இவதான் டைப் அடிச்சா. அடிச்சுப்போட்டு இன்னும் சோறு திங்கலீங்க அம்மணி."

பிரியா படித்தாள். நாய் ஊளையிட்டது. காலையில் நாய் எதுவும் ஊளையிடவில்லை, பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன சத்தம்தான் கேட்டது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது என்றிருந்தது. ஜன்னலைக் கொசுவலை வைத்து அடைத்து நாலு வருஷமாகிறது. அதெல்லாம் அப்பாவின் கைச்சரக்கு, ஒவ்வொன்றையும் படிக்கும்போது அவளுக்கு உதடு கோணியது. பிறகு அவளுடைய வரி வந்தது. அதில் அவர் கை வைக்கவில்லை, அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அம்மா எழுந்திருக்கவில்லை. சின்னி கையைத் தொட்டாள். கை, மூன்று புள்ளி.

பிரியாவின் கை தாளைத் திருப்பியது.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என்ன செய்தோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கை எப்படி இருந்தது என்று உலகத்தில் அவளை விட யாருக்குத் தெரியும்? குளிப்பாட்டும்போது அதன் இடுக்கிலெல்லாம் மஞ்சள் பூசியவள் அவள். அப்படியிருந்தும் அடுத்து என்ன என்று பார்க்கத் திருப்பிவிட்டாள், ஐஸ்கிரீமும் கையுமாகக் கண்காட்சிக்கு வருகிற பிள்ளையைப் போல. அப்பாவின் மேல் வந்த அத்தனை அருவருப்பும் இப்போது தன் கையின் மேலேயே வந்தது. அந்தத் தாளைக் கசக்கினாள்.

"நிஜாமண்ணா, இது போகக்கூடாதுங்க. வெத்தா உடோணும்னு அம்மா சொன்னாங்க. உசுரோட இருக்கறப்ப, அப்பா முன்னாலயே சொன்னாங்க."

நிஜாம் தலையைச் சொறிந்தார். "அக்கா அப்படிச் சொல்லியிருந்தா அது நாயந்தான். ஆனா நான் மெஷின்காரன். முப்பது வருசமா அண்ணன் குடுத்ததப் போட்டவன். நாளைக்கு வந்து, ஏன்டா மாத்துனேன்னு கேட்டா நானென்ன சொல்லட்டுங்க?"

ஜாஹிதா உள்ளே போய் ஒரு சின்ன பாட்டிலும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். பிறகு மெஷினில் மாட்ட வைத்திருந்த அலுமினிய பிளேட்டை இரண்டு கையிலும் ஏந்திவந்து படுக்கப்போட்டாள். எட்டுப் பக்கங்கள் அதில் தலைகீழும் நேருமாகப் பரந்து கிடந்தன. ஓரத்தில் கட்டம் கட்டி அப்பாவின் பக்கம் இருந்தது.

"இந்த மருந்தத் தடவுனா பிளேட்ல எழுத்து போயிரும்" என்றாள் பிரியாவிடம். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அண்ணன் கேட்டா, நான் கடையிலயே இல்லீன்னு சொல்லுங்க. நெசந்தான அது?"

நிஜாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பிரியா மேலிருந்து ஆரம்பித்தாள். முதலில் நாயை அழித்தாள். மருந்து மூக்கைக் குத்தும் நெடியோடு நீல எழுத்தின்மேல் படர்ந்தது, ஜாஹிதா ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்ததும் அந்த இடத்தில் வெறும் உலோகம் தெரிந்தது. பிறகு ஜன்னல் கதவு போனது. அம்மா எழுந்திருக்கவில்லை என்பது போனது. கை போனது, மூன்று புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தாள். கட்டத்தின் நாலு கோட்டையும் அழித்தாள். நடுவில் அவள் வரி மட்டும் தனியாக நின்றது. அம்மா, காப்பி ஆறுதுங்க, எந்திரிங்க.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. நாயும் புள்ளியும் இல்லாமல், அந்தப் பெரிய வெள்ளைப் பக்கத்தில் அது ஒன்று மட்டும் இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒரு நொடி பார்த்தாள். அந்தப் பார்வை யாருடையதென்று அவளுக்குத் தெரியும்.

"மருந்து காயறதுக்குள்ள தொடச்சுறோணும் கண்ணு" என்றாள் ஜாஹிதா மெதுவாக. "இல்லீன்னா அச்சுல திட்டுத் திட்டா விழும்."

பிரியா அந்த வரியைத் தடவி அழித்தாள். காப்பியில் தொடங்கி எந்திரிங்க வரை போய், கடைசியாக அம்மாவை அழித்தாள். துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது ஜாஹிதா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நிஜாம் திரும்பி வந்தபோது நாலடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பிளேட்டை மாட்டி, காலையில் ஒருபுறம் ஓடிய தாள்களை ஏற்றி மெஷினை ஓடவிட்டார். முதல் பத்துத் தாளைக் கழித்துவிட்டு, அடுத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுத்தமா இருக்குதுங்க" என்று அவளிடம் நீட்டினார். எட்டுப் பக்கத்தில் ஏழில் எழுத்து இருந்தது. பிரியா அதைச் சுருட்டி வண்டியின் முன்கொக்கியில் செருகிக்கொண்டாள்.

அவள் வந்து சேர்ந்தபோது ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டிருந்தார்கள். கழுவிய கூடத்தில் ஈரம் காயவில்லை. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தலையைச் சிரைத்திருந்ததில் மனிதர் பாதியாகத் தெரிந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்துக்கூட அவளுக்கு மனம் இளகவில்லை. சுருட்டிய தாளை அவர் முன்னால் போட்டாள்.

"இந்தாங்க. உங்க மொதல் ஃபாரம்."

அவர் விரித்தார். ஓரத்து வெள்ளையைப் பார்த்தார். விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிரியா திட்டு வாங்கத் தயாராக நின்றாள், அவளிடமும் சொல்ல நிறைய இருந்தது. அவர் தாளை மடியில் வைத்து நீவினார். பெரிய அத்தை பின்பக்கமிருந்து, "வந்தவ கூடத்துல என்ன பண்றே, மொதல்ல வந்து தலைக்கு ஊத்து" என்று சத்தம் போட்டாள்.

அத்தை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினாள். கையில் என்ன இத்தனை நாற்றம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சீயக்காய்த் தூளை அள்ளிக் கொடுத்தாள். தண்ணீர் விழுந்த சத்தத்தில் பிரியா அழுதது வெளியே கேட்டிருக்காது. அத்தைக்குக் கேட்டிருக்கும். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அப்பா அந்தத் தாளை மூன்று தரம் மடித்து, ஓரங்களைக் கிழித்துப் புத்தகமாக்கி வைத்திருந்தார். விளக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கண்ணை ஓட்டவில்லை. ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போலப் படித்தார். துக்கம் கேட்க வந்த யாரோ வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், அவர் தலை தூக்கவில்லை. பதினாறாம் பக்கம் வந்தது. ஃபாரம் அதோடு முடிகிறது, பாதி வாக்கியத்தில்.

"அம்மணி" என்றார். "இந்தப் பூட்டிக் கெடக்குற ஊட்டுல, செம்பருத்திக்குத் தெனமும் ஆரு தண்ணி ஊத்தறது?"

பிரியாவுக்குத் தெரியும். அம்மா எழுதி முடித்த அன்றே அவளிடம்தான் படிக்கக் கொடுத்தாள். ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, அவரைத் தாண்டி, வந்தவர்களுக்குப் பாய் எடுத்துப்போட உள்ளே போனாள்.

அப்பா கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார்.